மேலே நல்ல பலகை, அடியில் இற்ற சட்டம்: ஒரு தோட்ட மரத்தளத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வீட்டின் பின்சுவரை ஒட்டி, தோட்டத்தைப் பார்த்தபடி ஒரு மரத்தளம். சுவர் நெடுக 4.8 மீட்டர், தோட்டப் பக்கம் 3.6 மீட்டர். கட்டி ஆறு ஆண்டு ஆகியிருந்தது. கணவன், மனைவி, கணவரின் வயதான தாயார் என மூன்று பேர் புழங்கும் இடம். மேல்பலகையும் அடிச்சட்டமும் அழுத்த முறையில் மருந்தேற்றிய பைன் மரம். ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலம் முடிந்ததும் வீட்டுக்காரர் தளத்தைத் தேய்த்துக் கழுவி, நிறம் கலந்த எண்ணெய் பூசிவந்தார். கவனிப்பாரற்றுக் கெட்டுப்போன தளம் என்று இதைச் சொல்ல முடியாது. இதைப் பதிவு செய்வதற்குக் காரணமும் அதுதான்.

ஆறாவது மழைக்காலத்தின் நடுவில், தாயார் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது, தளத்தின் நடுவே ஒரு பலகையின் முனை காலடியில் உள்வாங்கியது. குதிகால் இரண்டு விரற்கடை இறங்கியது. கையில் தடி இருந்ததால் விழவில்லை. "அந்த இடம் போன மாசமே பஞ்சு மாதிரி இருந்துச்சு" என்று பிறகுதான் சொன்னார்.

கெட்ட ஐந்தாறு பலகையை மாற்றிவிட்டு, எண்ணெய்க்குப் பதில் இந்த முறை பளபளப்பான வார்னிஷ் அடித்துவிடலாம் என்பது வீட்டுக்காரரின் முதல் எண்ணம். அதற்கு ஒருவரிடம் விலைப்புள்ளியும் வாங்கியிருந்தார். வேலை தொடங்கும் முன் தளத்தை முழுமையாகச் சோதித்துப் பார்ப்பது என்று முடிவானது.

மேலிருந்து பார்த்தபோது

மொத்தம் 25 வரிசை, வரிசைக்கு 2.4 மீட்டர் நீளத்தில் இரண்டு பலகை, ஆக 50 பலகைகள். ஒவ்வொன்றும் 140 மி.மீ. அகலம், 28 மி.மீ. கனம், மேல்முகத்தில் நெடுக வரிக்கோடு வெட்டியது. கண்ணுக்குத் தளம் நன்றாகவே இருந்தது. நிறம் சீராக இருந்தது, பலகைகளில் வளைவோ முறுக்கோ அதிகம் இல்லை.

குத்தூசியால் ஒவ்வொரு பலகையையும் மூன்று இடத்தில் குத்திப் பார்த்தார்கள். நல்ல மரத்தில் ஊசி ஓரிரு மி.மீ.தான் இறங்கும், பிடுங்கும்போது நீளமான சிராய் கிளம்பும். மக்கிய மரத்தில் ஊசி அழுத்தமே இல்லாமல் இறங்கும்; கிளம்பும் துணுக்கு பிஸ்கட் போலக் குறுக்கே உடையும். 50 பலகையில் 31-இன் முனைகள் இப்படி உடைந்தன. அத்தனையும் தளத்தின் நடுக்கோட்டில், இரண்டு பலகை முட்டும் இடத்தில். தளத்தின் இரு பக்கவாட்டு ஓரங்களிலும் உள்ள முனைகளில் பெரும்பாலானவை திடமாகவே இருந்தன. இதைத் தவிர, தொட்டிகள் நேரடியாக உட்கார்ந்திருந்த நான்கு பலகைகளில் வட்ட வட்டமாகக் கறுத்து, நடுவில் மெத்தென்றிருந்தது.

எல்லா முனையும் ஒரே நேரத்தில் பூசிய ஒரே எண்ணெயைக் குடித்தவை. நடுக்கோட்டு முனைகள் மட்டும் கெட்டிருந்தால் காரணத்தை எண்ணெயில் தேடுவது வீண். பலகைகளைக் கழற்றிப் பார்க்கும் முடிவு இங்கேதான் எடுக்கப்பட்டது.

கழற்றியபோது

முதல் தொல்லை ஸ்க்ரூக்கள். மஞ்சள் மெருகு போட்ட சாதாரண மர ஸ்க்ரூக்கள் அவை. மூன்றில் ஒன்று திருப்பும்போதே தலை முறிந்தது. முறிந்த இடத்தில் தண்டு பென்சில் முனைபோல் மெலிந்திருந்தது. அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டு இறுதியில் வீட்டு உபயோக மரத்துக்கு ஆர்செனிக் கலந்த மருந்து ஏற்றுவது நிறுத்தப்பட்டது. மற்ற பல நாடுகளிலும் கட்டுப்பாடுகள் வந்தன. அதன்பின் பரவலான மருந்துகளில் செம்பு அதிகம். ஈரத்தோடு சேர்ந்த செம்பு, மெல்லிய துத்தநாக மெருகைச் சீக்கிரமே தின்றுவிட்டு எஃகை அரிக்கும். இம்மாதிரி மரத்துக்குச் சூட்டுமுறையில் கனமாகத் துத்தநாகம் ஏற்றிய ஸ்க்ரூ வேண்டும், அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டும்.

பலகைகள் போனபின் தெரிந்தது இது. தாங்குசட்டங்கள் 600 மி.மீ. இடைவெளியில் ஒன்பது வரிசை. நடு வரிசைச் சட்டத்தின் மேல்முகம் 45 மி.மீ. அகலம். அந்த 45 மி.மீ.க்குள் எதிரெதிராக 50 பலகை முனைகள் குந்தியிருந்தன. ஒரு முனைக்குக் கிடைத்தது 22 மி.மீ. இடம். ஸ்க்ரூ முனையிலிருந்து 10 மி.மீ. தள்ளித்தான் இறங்க முடியும். அதனால் பாதி முனைகள் வெடித்திருந்தன. வெடிப்பு வழியாகவும் முட்டிய சந்து வழியாகவும் இறங்கிய தண்ணீர் சட்டத்தின் தலையில் நின்றது. அங்கே சருகும் மண்ணும் சேர்ந்து, ஈரம் விடாத கரிய களிம்பாகப் படிந்திருந்தது. கரண்டியால் வழித்து எடுக்கும் அளவுக்கு.

ஈரமானி வைத்துப் பார்த்தபோது நடுச்சட்டத்தின் மேல்முகத்தில் 34 சதவீதம், அதே சட்டத்தின் அடிமுகத்தில் 19, பலகைகளின் நடுப்பகுதியில் 17. மருந்தேற்றிய மரத்தில் உப்புகள் இருப்பதால் இந்த வகை ஈரமானி கொஞ்சம் கூட்டியே காட்டும். ஆகவே எண்ணை அப்படியே நம்பாமல், ஒரே மரத்தில் இடத்துக்கு இடம் எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பதே சரி. மக்கவைக்கும் பூஞ்சைக்கு 20 சதவீதத்துக்குக் கீழே பிழைப்பு இல்லை. 28, 30-ஐத் தாண்டினால் செழிக்கும். ஒரே சட்டத்தின் தலையில் அதற்கு விருந்து, காலில் பட்டினி.

சட்டங்கள் சுவருக்குச் செங்குத்தாக, மூன்று உத்திரங்களுக்கு இடையே இரும்புத் தாங்கிகளில் தொங்கின. நடு உத்திரத்தில் வந்து முடியும் சட்ட முனைகள் பல மக்கியிருந்தன. ஒரு முனையை 100 மி.மீ. உள்ளே அறுத்துப் பார்த்தபோது காரணம் கண்ணெதிரே கிடந்தது: வெட்டுமுகத்தின் ஓரத்தில் 15 மி.மீ. அகலத்துக்குப் பச்சை வளையம், நடுவில் வெளிர் மஞ்சள். மருந்து பைனின் வெளிப்பகுதியில் ஏறும், வைரப்பகுதியில் ஏறாது. வேலையிடத்தில் அளவுக்கு அறுக்கிற ஒவ்வொரு முறையும் மருந்தே காணாத உள்மரம் வெளியே வருகிறது. அறுத்த முனைகளில் தூரிகையால் மருந்து தடவியிருக்க வேண்டும். ஒன்றில்கூடத் தடவவில்லை.

உத்திரங்களைத் தாங்கிய குட்டைக் கால்கள் ஆறும் காங்கிரீட்டுக்குள் புதைத்தவை. மூன்று, மண்மட்டத்தில் விரலால் பிய்க்கும் நிலையில் இருந்தன. காங்கிரீட் குழி ஒரு கிண்ணம். மரம் காயும்போது சுருங்கி விடும் சந்தில் மழைநீர் இறங்கி நிற்கும், வெளியேற வழி இல்லை.

சுவரோர உத்திரம் போல்ட் போட்டு நேரே சுவரில் இறுக்கியிருந்தது; அதுவும் சுவரின் ஈரத்தடுப்பு அடுக்குக்கு மேலே. அடுக்குக்குக் கீழ் நிற்க வேண்டிய ஈரம் மரத்தின் வழியாக மேலேறிச் சுவருக்குள் போக ஒரு பாலம். உள்ளே அதே சுவரின் அடிப்பகுதியில் வண்ணப்பூச்சு கொப்புளித்திருப்பதை வீட்டார் இரண்டு ஆண்டாகப் பார்த்துவந்தார்கள். குளியலறைக் குழாய்க் கசிவு என்று நினைத்து அந்தக் குழாயை ஒருமுறை மாற்றியும் இருந்தார்கள்.

கடைசியாக, அடியில் காற்று. சட்டத்தின் அடிக்கும் மண்ணுக்கும் இடையே 90 மி.மீ.தான். எலி புகாமலிருக்கச் சுற்றிலும் பலகை அடித்து மூடியிருந்தார்கள். எலி புகவில்லை, காற்றும் புகவில்லை.

ஏன் நடுக்கோடு மட்டும் முதலில் போனது

மரத்தின் வெட்டுமுனை, பக்கமுகத்தைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீர் உறிஞ்சும். வளர்ந்த காலத்தில் நீர் ஏறிய குழாய்கள்தான் அங்கே வாய் திறந்திருக்கின்றன. பக்கவாட்டு ஓர முனைகளும் அதே அளவு உறிஞ்சியிருக்கும்; ஆனால் காற்றில் நீட்டிக்கொண்டிருந்ததால் மழை விட்ட ஓரிரு நாளில் காய்ந்தன. நடுக்கோட்டு முனைகள் ஒன்றோடொன்று ஒட்டி, களிம்பின்மேல் உட்கார்ந்து, அடியில் காற்றில்லாமல் இருந்தன. நனைவதால் மரம் கெடுவதில்லை. காய இடம் கொடுக்காததால் கெடுகிறது.

வரிக்கோடும் தன் பங்கைச் செய்தது. தளத்தின் சரிவு சுவரிலிருந்து தோட்டம் நோக்கி. கோடுகளோ சுவருக்கு இணையாக. அதனால் ஒவ்வொரு கோடும் ஒரு சின்ன வாய்க்காலாகி, தண்ணீர் ஓட வழியின்றி நின்றது. கோடு வெட்டினால் வழுக்காது என்று சொல்லி விற்கிறார்கள். பாசியும் அழுக்கும் தங்கியபின் சமமுகப் பலகையைவிட அது வழுக்குவதைப் பாசி பிடித்த தளத்தில் நடந்தவர் யாரும் சொல்வார்.

வார்னிஷ் யோசனை இந்த இடத்திலேயே கைவிடப்பட்டது. வார்னிஷ் மரத்தின்மேல் ஒரு தோல். வெயிலிலும், மரம் உப்பிச் சுருங்குவதிலும் அந்தத் தோல் வெடிக்கும். வெடிப்பில் இறங்கும் தண்ணீரை அதே தோல் வெளியேற விடாது. மேலே நடக்கும் தளத்துக்கு அது பொருந்தாது.

பழுதா, புதிதா

இற்ற முனைகளை வெட்டி எடுத்து, நடுச்சட்டத்துக்கு இருபுறமும் துணைச்சட்டம் சேர்த்துப் பலகைகளைக் காப்பாற்றலாமா என்று கணக்குப் போட்டார்கள். பலகைகளில் 19 மட்டுமே முழுமையாகத் தேறின. கால்கள் பாதி போய்விட்டன, சுவரோர உத்திரம் எப்படியும் விலக வேண்டும். அடியைப் புதிதாகக் கட்டிவிட்டு மேலே பழைய பலகையைப் போடுவதில் அர்த்தமில்லை. முழுத்தளமும் பிரிக்கப்பட்டது. பிரித்த மரத்தை அடுப்பிலோ குப்பைத் தீயிலோ போடக் கூடாது, மருந்தேற்றிய மரத்தின் புகையும் சாம்பலும் நஞ்சு என்பதை வீட்டுக்காரரிடம் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஏற்கெனவே ஒரு கட்டு விறகுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தார்.

எந்த மரம்

நான்கு மரங்கள் பரிசீலனைக்கு வந்தன.

மருந்தேற்றிய பைன் மீண்டும் போடலாமா? போடலாம். இந்த நிகழ்வில் தோற்றது பைன் அல்ல, அதை அறுத்ததும் அடுக்கியதும். ஆனால் வீட்டார் மனதில் அதன்மேல் நம்பிக்கை போய்விட்டது. மேல்பலகைக்கு வேண்டாம் என்றார்கள்.

இப்பே என்ற தென்னமெரிக்க மரம் தண்ணீரில் மூழ்குமளவு அடர்த்தி, மிக நீண்டகாலம் உழைக்கும். கறையானுக்கும் கடினம். எனினும் 2024 நவம்பரிலிருந்து அது, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. உரிய ஏற்றுமதி ஆவணம் இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. விற்பவரால் ஆவணம் காட்ட முடியவில்லை. அதோடு அது முடிந்தது.

வெப்பமூட்டிய மரம், அதாவது 180 முதல் 215 டிகிரி செல்சியஸ் வரை நீராவிச் சூழலில் பக்குவப்படுத்தியது, உப்புவதும் சுருங்குவதும் வெகு குறைவு. ஆனால் அந்தச் சூட்டில் வலிமை கொஞ்சம் போய், நொறுங்கும் தன்மை கூடுகிறது. சட்டத்துக்கு ஆகாது, பலகைக்கு ஆகும். கனமான தொட்டிகளை இழுத்து நகர்த்தும் வீடு இது, ஓரம் சிதறும் என்பதால் தவிர்க்கப்பட்டது.

தேக்கு தேர்வானது, ஒரு நிபந்தனையோடு. தேக்கின் வைரப்பகுதி மிகவும் நீடிக்கும். வெள்ளைப்பகுதி சாதாரண மரம்போல மக்கும். இளம் தோட்டத் தேக்கில் வெள்ளை அதிகம், வைரமும் முதிர்ந்த மரத்தின் அளவு உழைக்காது. "தேக்கு" என்ற ஒரு சொல்லை வாங்கி வருவதில் பயன் இல்லை. பலகைகளை 120 மி.மீ. அகலம், 25 மி.மீ. கனம், நான்கு முகமும் இழைத்து, வரிக்கோடு இல்லாமல் கேட்டார்கள். 74 வந்தன. ஒவ்வொன்றையும் புரட்டி, ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தார்கள். நனைத்தால் வெள்ளைக்கும் வைரத்துக்கும் நிற வேறுபாடு பளிச்சென்று தெரியும். ஓரத்தில் வெள்ளை ஓடிய ஒன்பது பலகைகள் திருப்பி அனுப்பப்பட்டன. மீதி 65. ஈரப்பதம் சராசரி 12 சதவீதம்.

அடிச்சட்டத்துக்கும் உத்திரத்துக்கும் மருந்தேற்றிய பைனே. ஆனால் தரைக்குமேல் மட்டும் என்ற தரம் இல்லை, மண்தொடர்புக்கான தரம். மண்ணைத் தொடப் போவதில்லை என்றாலும், காற்று குறைந்த தாழ்வான தளத்துக்கு இந்தத் தரமே பாதுகாப்பு.

கட்டிய விதம்

தளத்தைத் தாழ்த்தி ஈரத்தடுப்பு அடுக்குக்குக் கீழே கொண்டுபோவதுதான் பாடப்புத்தக வழி. அப்படிச் செய்தால் கதவிலிருந்து ஒரு படி இறங்க வேண்டும்; தாயாருக்கு அது கஷ்டம். மண்ணையும் ஆழமாகத் தோண்ட வேண்டும், தோண்டிய பள்ளம் குளமாகும். ஆகவே உயரத்தை மாற்றாமல், சுவரை விட்டு 40 மி.மீ. தள்ளி, சுவரைத் தொடாத தனித்தளமாக அமைத்தார்கள். சுவரில் மழைத்தெறிப்பு இருக்கும். ஆனால் ஈரம் ஏறப் பாலம் இல்லை. இது ஒரு சமரசம் என்பது தெரிந்தே செய்தது.

அடியில் 110 மி.மீ. மண் எடுத்து, தோட்டப் பக்கம் 80-க்கு 1 சரிவு கொடுத்து, தாழ்ந்த ஓரத்திலிருந்து தண்ணீர் வெளியேற ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். மேலே துணிவிரிப்பு, அதன்மேல் 50 மி.மீ. சரளை. இப்போது சட்டத்தின் அடியில் 150 மி.மீ. காற்றிடம். சுற்றுப்பலகை கிடையாது, எலிக்காகத் துருப்பிடிக்காத கம்பிவலை.

மரக்கால்கள் ஒழிந்தன. உத்திரத்துக்கு மூன்று வீதம் ஒன்பது எஃகுப் பாதங்கள், உயரம் கூட்டிக் குறைக்கும் திருகுடன், காங்கிரீட்டின் மேல் போல்ட் போட்டு நின்றன.

நடுக்கோட்டுச் சிக்கலுக்கு இரட்டைச் சட்டம்தான் விடை. தளத்தின் நடுவே சுவருக்குச் செங்குத்தாக ஒரு பிரிப்புப்பலகை. அதன் இருபுறமும் பலகை வரிசைகள் 6 மி.மீ. சந்து விட்டு முடியும். ஒவ்வொரு பக்கத்தின் முனைக்கும் தனக்கென ஒரு சட்டம். 4800-இலிருந்து பிரிப்புப்பலகையின் 120, இரண்டு சந்தின் 12 போக, பலகை நீளம் 2334 மி.மீ. 2.4 மீட்டர் பலகையின் இரு முனையிலும் 33 மி.மீ. அறுத்தார்கள், முனைவெடிப்புகள் அதோடு போயின. பலகை முனை சட்டத்தின் நடுவிலிருந்து 25 மி.மீ. நீண்டது. சட்டத்தின் பாதி அகலம் 22.5, ஆக முனை சட்டத்தைத் தாண்டி 2.5 மி.மீ. வெளியே நிற்கிறது. சொட்டுகிற நீர் சட்டத்தின் தலையில் விழாமல் பக்கத்தில் விழும்.

பக்கத்துக்கு ஏழு சட்டவரிசை, நடுவுக்கு நடு 381 மி.மீ. இருபுறமும் சேர்த்து 14 வரிசை. நடு உத்திரத்தில் பிரிவதால் 28 துண்டுகள், 56 வெட்டுமுனைகள். ஐம்பத்தாறையும் செம்பு நாப்தனேட் என்ற மரமருந்தில் இரண்டு முறை தோய்த்தெடுத்து ஒரு நாள் காயவிட்டார்கள். இந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்கத்தான் பெரும்பாலான இடங்களில் இது விட்டுப்போகிறது. சட்டத் தலைகளில் 65 மி.மீ. பியூட்டைல் நாடா (ரப்பர் போன்ற ஒட்டுநாடா), இருபுறமும் 10 மி.மீ. மடிந்து தொங்கும்படி. ஸ்க்ரூ துளைக்கும் இடத்தை இந்த நாடா தண்டைச் சுற்றிப் பிடித்து அடைத்துக்கொள்ளும்.

பலகைகளுக்கு இடையே எவ்வளவு விடுவது என்பதில் தச்சர் 3 மி.மீ. போதும் என்றார். கணக்கு வேறு சொன்னது. தேக்கு, குறுக்குவாட்டில் ஈரப்பதம் ஒரு சதவீதம் ஏறினால் சுமார் 0.2 சதவீதம் உப்பும். 12-இலிருந்து மழைக்காலத்தில் 18 ஆனால், 120 மி.மீ. பலகை ஏறக்குறைய 1.5 மி.மீ. அகலும். 3 விட்டால் 1.5 மிஞ்சும், ஒரு வேப்பிலைக்காம்பு அதை அடைத்துவிடும். 5 மி.மீ. என்று முடிவாயிற்று, 29 வரிசைக்கு 3620 மி.மீ. வந்தது. ஈரமாகவே வந்து சேரும் பைன் பலகைக்கு இந்தக் கணக்கு தலைகீழ். அது காய்ந்து சுருங்கும் என்பதால் நெருக்கிப் போட வேண்டும்.

ஸ்க்ரூ 5 × 60 மி.மீ. ஸ்டெயின்லெஸ், ஒரு சட்டத்துக்குப் பலகைக்கு இரண்டு, ஓரத்திலிருந்து 20 மி.மீ. தள்ளி. 58 பலகை, ஏழு சட்டம், இரண்டு: 812. பலகையில் 5.5 மி.மீ. துளை முன்கூட்டியே போட்டார்கள், பலகை அசைய இடம் வேண்டுமே. முதல் நாள் தட்டித் திருகும் கருவியை முழுவேகத்தில் வைத்ததில் பதினொரு தலைகள் முறிந்தன. ஸ்டெயின்லெஸ், கடினப்படுத்திய எஃகைவிட மென்மையான உலோகம். சாதாரண டிரில்லில் வேகத்தைக் குறைத்து, நுனியில் மெழுகு தடவியதும் முறிவு நின்றது.

எண்ணெய் விவகாரம்

நிறம் மங்கக் கூடாது என்பது வீட்டுக்காரரின் விருப்பம். தேக்கை அப்படியே விட்டால் வெயில் மேல்முகத்தில் நாரைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைத்து வெள்ளிச்சாம்பல் நிறமாக்கும், வலிமை குறையாது. இதை விளக்கிய பிறகும் எண்ணெய் வேண்டும் என்றார். தேக்கில் தன்னெண்ணெய் இருப்பதால் முதலில் கரைப்பான் தொட்ட துணியால் துடைத்து, நிறம் கலந்த எண்ணெய் ஒரே கை, மெல்லியதாக. கால்மணி கழித்து மீந்ததைத் துடைத்தெடுத்தார்கள்.

எட்டாவது மாதம் வீட்டுக்காரர் தாமே இரண்டாம் கை பூசினார். தாராளமாக. துடைக்கவில்லை. தேக்கு குடிக்க மறுத்த எண்ணெய் மேலே பிசுபிசுத்து நின்று, தூசி ஒட்டி, ஆறு வாரத்தில் கரும்புள்ளியாகப் பூசணம் பூத்தது. பூசியதில் இருந்த ஆளி எண்ணெய் பூசணத்துக்கு உணவு. மேலும், எண்ணெய் பூசப் பயன்படுத்திய பழந்துணிகளை ஒரு பையில் சுருட்டிக் கட்டி அடுக்களைப் பக்கம் வைத்திருந்தார். மாலையில் பை தொட்டால் சுடுவதை மனைவி கவனித்தார். காயும் ஆளி எண்ணெய் வெப்பத்தை வெளியிடும், சுருட்டிய துணியில் அது தேங்கித் தானே தீப்பிடிக்கும். துணியை ஒற்றையாக விரித்து வெளியே உலர்த்த வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும். இந்த ஆய்வில் உயிருக்கு மிக நெருக்கமாக வந்த ஆபத்து இற்ற பலகை அல்ல, இந்தப் பை.

எண்ணெயை எடுக்க, சோடியம் பெர்கார்பனேட் லிட்டருக்கு சுமார் 50 கிராம் கரைத்து ஊற்றி, கால்மணி ஊறவிட்டு, ரேகை ஓடும் திசையில் நார்த்தூரிகையால் தேய்த்தார்கள். அழுத்தநீர்க் கருவி வேண்டாம் என்று தடுக்கப்பட்டது. மென்னாரைப் பிய்த்து வரியை மேடாக்கிவிடும். பெர்கார்பனேட்டுக்குப் பின் தேக்கு கறுத்துப்போகும், பயப்பட வேண்டியதில்லை. லிட்டருக்கு 50 கிராம் ஆக்சாலிக் அமிலக் கரைசல் தடவியதும் தேன் நிறம் திரும்பியது. அந்த அமிலம் நஞ்சு: கையுறை, கண்ணாடி, பக்கத்துச் செடிகளை முன்பே நனைத்து வைத்தல், பிறகு நிறையத் தண்ணீர். ஜன்னல் கம்பி வெட்டியபோது சிதறிய இரும்புத் தூள், தேக்கில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து மிளகுத்தூள் தூவியதுபோல் கறைபடுத்தியிருந்தது. அதையும் அதே அமிலம் எடுத்தது. அதன்பின் எண்ணெய் நிறுத்தப்பட்டது.

தொடர்ந்து பார்த்தவை

எட்டாம் மாதம், மழை நடுவில்: சட்டத் தலைகளில் ஈரம் 16 முதல் 18 சதவீதம். நடு உத்திரத்தில் 18. பிரிப்புப்பலகையின் அடியில் மட்டும் 27. அங்கே இரட்டைச் சட்டங்களுக்கு இடையே 90 மி.மீ. கட்டைகளைப் படுக்கைவாட்டில் வைத்திருந்தார்கள். சருகு விழுந்து தங்க ஒரு தட்டு. பழைய தளத்தின் அதே தவறு, சின்ன அளவில். பிரிப்புப்பலகையைக் கழற்றிக் கட்டைகளை நிறுத்திவைத்துத் தலைக்கு நாடா ஒட்டினார்கள். பதினான்காம் மாதம் 19.

சுவரோர 40 மி.மீ. சந்தில் தாயாரின் கைத்தடி ஒருமுறை இறங்கிச் சிக்கியது. விழவில்லை. சுவரோரப் பலகையோடு ஒரு தேக்குப் பட்டை சேர்த்துச் சந்தை 15 மி.மீ. ஆக்கினார்கள். உள்சுவரின் கொப்புளம் சுரண்டி மறுபூச்சு பூசிய இடம் இருபத்தாறு மாதத்திலும் காய்ந்தே இருக்கிறது.

தொட்டிகள் 25 மி.மீ. கால்களின்மேல் நிற்கின்றன, மாதம் ஒருமுறை இடம் மாறுகின்றன. மழைக்கு முன்னும் பின்னும் மெல்லிய தகட்டால் சந்துகளைச் சுரண்டிச் சருகை எடுப்பது, நிழலான மூலையில் பாசியைத் தூரிகையால் தேய்ப்பது, நடுக்கோட்டிலும் குழாயடியிலும் குத்தூசி வைப்பது: முழுவேலைக்கும் ஆண்டுக்கு இரண்டு அரைநாள். முன்பு எண்ணெய்க்குப் போன நேரத்தைவிடக் குறைவு.

மாற்றிச் செய்ய வேண்டியவை

அடியைப் பார்க்க வழி வைத்திருக்க வேண்டும். நடு உத்திரத்தின் மேல் இரண்டு பலகைத் துண்டுகளைத் தனியாகத் திறக்கும்படி அமைத்திருந்தால், 27 சதவீதத்தை எட்டாம் மாதம் வரை காத்திராமல் முதல் மழையிலேயே கண்டிருக்கலாம்.

பலகை ஓரங்களை 3 மி.மீ. உருட்டியிருக்க வேண்டும். கூர் ஓரம் சிராய் கிளப்புகிறது, வெறுங்காலுக்கு ஆகாது. போட்டபின் 58 பலகையில் உப்புத்தாள் தேய்ப்பது எவ்வளவு வேலை என்பதை வீட்டுக்காரர் தெரிந்துகொண்டார்.

சுவரோரச் சந்தின் அளவைத் தண்ணீரை மட்டும் வைத்துத் தீர்மானித்ததும் தவறு. நடப்பவர் யார், கையில் என்ன என்பதையும் கேட்டிருக்க வேண்டும்.

65-இல் தளத்துக்குப் போனது 60. மீந்த ஐந்து பலகைகளும் முதலில் சேமிப்பறையில் இருந்தன. தளம் சாம்பல் நிறமானபின், நாளை ஒன்றை மாற்றினால் பழுப்பாகத் தனித்துத் தெரியுமே என்று, இப்போது அவையும் வெளியே சரளைமேல் கட்டை வைத்து வெயிலில் கிடக்கின்றன.